சைபீரிய ஐரிஸை வெயிலில் காயவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் சென்ற வார இதழில் வெளியான வீட்டுத் தோட்டக் கட்டுரையை ஆர்வத்துடன் வாசித்தேன். கனடாவின் ஒன்ராறியோவில் வாழும் எம்மவர்கள் வெண்டியும் கத்தரியும் பாகலும் வளர்ப்பதில் நெடுங்காலமாகக் காட்டிவரும் அக்கறையை, வீட்டின் முன்புறத்தில் பூச்செடி வளர்ப்பதிலும் காட்டத் தொடங்கியிருக்கும் இக்காலத்தில், அத்தகைய கட்டுரைகள் தமிழில் வருவது மிகவும் வரவேற்கத்தக்கது. ஆயினும் அதில் ஐரிஸ் பற்றி எழுதப்பட்டிருந்த பத்தியை வாசித்துவிட்டுப் பேசாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. கிழங்கின் முதுகு மண்ணுக்கு மேலே தெரியும்படி நட வேண்டும் என்றும், அதன்மீது வெயில் நேராகப் பட வேண்டும் என்றும், அடிக்கடி தண்ணீர் விடக் கூடாது என்றும், பூ முடிந்தவுடன் இலைகளை விசிறிபோல் குறுக்கி வெட்டிவிட வேண்டும் என்றும் அங்கே கூறப்பட்டிருந்தது. தாடி ஐரிஸ் என்று அழைக்கப்படும் வகைக்கு இவற்றுள் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் கட்டுரையுடன் அச்சாகியிருந்த படம் தாடி ஐரிஸினுடையது அன்று. அது சைபீரிய ஐரிஸ். படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு அந்தச் செடியை வாங்கி, கட்டுரையில் சொல்லியபடியே நடுகின்ற வாசகர் ஒருவர், முதல் கோடை முடிவதற்குள் அதைப் பெரும்பாலும் இழந்துவிடுவார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இழந்தேன் என்பதனால் இதை எழுதுகிறேன்.

இரண்டையும் வேறுபடுத்தி அறிவது கடினமன்று. தாடி ஐரிஸின் கீழ்நோக்கி வளையும் மூன்று இதழ்களின் நடுவிலும் மயிர்க்கொட்டிப் புழு ஒன்று படுத்திருப்பதுபோல அடர்ந்த மயிர்க்கோடு ஓடும். அதுவே அதன் தாடி. சைபீரிய ஐரிஸில் அது இல்லை. அந்த இடத்தில் வெண்மையும் மஞ்சளும் கலந்த ஒரு திட்டும், அதன்மேல் பேனாவால் கீறியதுபோன்ற கருநீல நரம்புகளும் இருக்கும். தாடி ஐரிஸின் இலை வாள்போல அகன்று விறைத்து நிற்கும். சைபீரிய ஐரிஸின் இலை ஒரு விரலளவே அகலமுடையதாய், கோரைப்புல்போல நீண்டு, நுனியில் சற்று வளைந்து நிற்கும். பூக்காம்பு மெல்லியது, உள்ளே குழாய்போல வெறுமையானது. இலைகளுக்கு மேலே உயர்ந்து நின்று காற்றில் அசையும். மண்ணுக்குக் கீழே உள்ள வேறுபாடுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. தாடி ஐரிஸின் கிழங்கு இஞ்சியைப்போலத் தடித்தது. நீரையும் உணவையும் தன்னுள்ளே சேமித்து வைத்திருப்பதால் வெயிலில் காய்ந்தாலும் அதற்குத் தீங்கில்லை, ஈரத்தில் கிடந்தால்தான் அழுகும். சைபீரிய ஐரிஸின் கிழங்கோ சிறு விரலின் பருமனுக்கு மேற்படாதது. ஒன்றோடொன்று நெருங்கிப் பின்னி, அடியில் நூல்நூலான வேர்களைப் பாயைப்போல விரித்துக்கொண்டு வாழ்வது. அதனிடம் சேமிப்பு மிகக் குறைவு. வேர் காய்ந்தால் செடி காய்ந்தது என்றே கொள்ள வேண்டும்.

நான் ஸ்காபரோவில் வீடு வாங்கிய புதிதில், பெரிய கடையொன்றின் வாசலில் பிளாஸ்ரிக் பையில் அடைத்துத் தொங்கவிட்டிருந்த ஐரிஸ் கிழங்குகளைக் கண்டு மூன்று பைகள் வாங்கினேன். பையில் படம் நீலமாக இருந்தது. வகை பற்றி வேறெதுவும் எழுதியிருந்ததாக நினைவில்லை. உள்ளே இருந்தவை காய்ந்த வைக்கோல் துண்டுகளைப்போல் இருந்தன. தெற்குப் பார்த்த சுவரின் ஓரமாக, அத்திவாரத்தை ஒட்டிய மண்ணில், கிழங்கு வெளியே தெரியும்படி அவற்றை நட்டேன். அந்த இடத்தில் மழை நேராக விழுவதில்லை; கூரையின் விளிம்பு மறைத்துவிடும். மேலும் அங்கே வீடு கட்டியபோது கொட்டிய சுண்ணாம்புக்கல் தூளும் சல்லியும் மண்ணோடு கலந்திருந்தன. மூன்றில் இரண்டு முளைக்கவே இல்லை. முளைத்த ஒன்று யூலை மாதத்தில் நுனியிலிருந்து காய்ந்து வந்தது. அடுத்த ஆண்டும் அதே தவறைச் செய்தேன்; இம்முறை வாங்கியவற்றுக்குப் பணம் கூடுதலாகக் கொடுத்திருந்தேன் என்பதே வேறுபாடு.

அக்காலத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் போலந்திலிருந்து வந்த முதிய பெண்மணி ஒருவர் இருந்தார். அவருடைய வீட்டுக் கூரைநீர் இறங்கும் குழாய் வந்து விழுகின்ற இடத்தில், ஆண்டுதோறும் மே மாதக் கடைசியிலிருந்து யூன் நடுப்பகுதி வரைக்கும், நூற்றுக்கும் குறையாத நீலப் பூக்கள் ஒரே கொத்தில் நிற்பதை வேலிக்கு இப்பால் நின்று பார்ப்பேன். இரண்டாம் ஆண்டும் என் செடிகள் காய்ந்ததைக் கண்டு அவர் ஒருநாள் கேட்டார், "இதை ஏன் சுவரடியில் நட்டாய்? இது எங்கள் ஊரில் ஈரப் புல்வெளியில் நிற்கின்ற செடி." அந்த ஒரு வாக்கியத்தில் இச்செடியை வளர்ப்பதற்கான வழி முழுவதும் அடங்கியிருந்தது என்பதை நான் பின்னாளில்தான் உணர்ந்தேன்.

பெயரில் சைபீரியா இருந்தாலும், 1753-இல் லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டுத் தாவரவியலார் இப்பெயரிட்ட தாவரம் மத்திய ஐரோப்பாவிலிருந்து கிழக்கே மேற்குச் சைபீரியா வரைக்கும் பரந்து வளர்வது. போலந்தில் இன்று அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட காட்டுச்செடி. ஈரப் புல்வெளிகளை வடியச்செய்து வயலாக்கியதால் அது அருகிவிட்டது. அதற்கு நெருங்கிய உறவான மற்றொரு இனம், மொட்டை மூடியிருக்கும் உறை செந்நிறமாக இருப்பதால், இரத்தச் சிவப்பு என்ற பொருளில், சங்குயினியா என்று பெயர் பெற்றது. அது சைபீரியாவின் கிழக்குப் பகுதியிலும் கொரியாவிலும் யப்பானிலும் வளர்கிறது. நாம் கடையில் வாங்கும் சைபீரிய ஐரிஸ்கள் பெரும்பாலும் இவ்விரண்டின் கலப்பில் வந்தவை. இரண்டுக்கும் பழக்கமான நிலம் ஒன்றே: இளவேனிலில் பனி உருகி நிலம் ஊறிக் கிடக்கும், கோடையில் ஈரம் குறையும் ஆனால் அறவே வற்றாது, குளிர்காலத்தில் எல்லாம் உறைந்து உறங்கும். ஒன்ராறியோவின் பருவ ஒழுங்கும் ஏறத்தாழ இதுவேதான். ஆகவே இங்கே இச்செடியைப் பொத்திப் பொத்தி வளர்க்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. அதன் குணத்துக்கு மாறானதைச் செய்யாமல் இருந்தாலே போதும். குளிருக்கு அது அஞ்சுவதில்லை. ரொறன்ரோவைவிடப் பலமடங்கு கடுமையான குளிரையும் அது மூடாமலே தாங்கும். மாறாக, அந்த நீண்ட குளிர் உறக்கம் இல்லாவிட்டால்தான் அது நலிந்துபோகும். எனவே ஊருக்குப் போகும்போது ஒரு துண்டைக் கொண்டுபோய் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ நடலாமா என்று என்னிடம் கேட்டவர்களுக்கு, வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறேன்.

நடும் முறையை இனிச் சொல்கிறேன். கிழங்கின் மேற்பகுதி மண்ணின் கீழே 3 முதல் 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருக்க வேண்டும். மஞ்சளையும் இஞ்சியையும் நாம் எப்படி மண்ணால் மூடுவோமோ அப்படியே மூட வேண்டும். குழி 30 சென்ரிமீற்றர் அகலமாவது இருந்தால் வேரை மடக்காமல் விரித்து வைக்கலாம். செடிக்குச் செடி 45 முதல் 60 சென்ரிமீற்றர் இடைவெளி வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளில் இது வெறுமையாகத் தோன்றினாலும் ஐந்தாம் ஆண்டில் போதாமல் போகும். நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலாவது கிடைக்கும் இடமாக இருக்க வேண்டும்; நிழலில் இலை மட்டும் செழிக்கும், பூ வராது. நடுவதற்கு ஏற்ற காலம் ஓகஸ்ட் கடைசி வாரம் முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரைக்கும், அல்லது ஏப்பிரலில் முளைகள் ஒரு சாண் உயரத்துக்கு மேற்படாதிருக்கும் வேளை. நடுவதற்கு முன் வேரை ஓர் இரவு முழுவதும் வாளித் தண்ணீரில் ஊறவைப்பது நல்லது. ஒக்ரோபருக்குப் பிந்தி நட்டால், மண் உறைவதும் உருகுவதுமாக இருக்கும் நாட்களில் வேர் பிடிக்காத கன்றை மண்ணே மேலே தள்ளிவிடும். அப்படி நடத்தான் வேண்டியிருந்தால், மண் உறைந்த பிறகு இலைச்சருகையோ வைக்கோலையோ மூடாக்காகப் போட்டு, இளவேனிலில் மறக்காமல் விலக்கிவிட வேண்டும்.

மண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் எங்கள் பகுதியில் பலருக்கு இங்கேதான் இடறுகிறது. சைபீரிய ஐரிஸ் சற்றே புளிப்புத்தன்மையுள்ள மண்ணை விரும்புவது. தெற்கு ஒன்ராறியோவின் மண்ணில் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல்லின்மேல் உருவானது. அதனால் காரத்தன்மை மிகுந்திருக்கும். அத்தகைய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளிறி மஞ்சளாகும். இதைத் தண்ணீர்க் குறைவு என்று எண்ணி நீரை ஊற்றிக்கொண்டே இருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்றுண்டு. காய்ந்த மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து அதன்மேல் சமையலறை வினாகிரியைச் சிறிது விட்டால், நுரைத்துப் பொங்கும் மண்ணில் சுண்ணாம்பு மிகுதியாக இருக்கிறது என்று அறியலாம். என் வீட்டுச் சுவரடி மண் சோடாப் போத்தலைத் திறந்ததுபோலச் சீறியது. இத்தகைய மண்ணில் இலைமக்கை நிறையக் கலப்பதும், தேவையானால் கந்தகத் தூளைப் பொதியில் குறித்துள்ள அளவுக்கு மேற்படாமல் இடுவதும் உதவும். சாம்பலை மட்டும் போடக் கூடாது. முருங்கைக்கும் வாழைக்கும் சாம்பல் போட்டு வளர்த்த கை எங்களுடையது என்பதால், அடுப்புச் சாம்பல் கண்ணில் பட்டால் எந்தச் செடியின் அடியிலாவது கொட்டத் தோன்றும். ஆனால் அது மண்ணின் காரத்தை மேலும் கூட்டும். பசளையைப் பொறுத்தவரை, இளவேனிலில் முளை கிளம்பும்போது ஒரு தடவையும் பூ முடிந்தபின் ஒரு தடவையும் நன்கு மக்கிய எருவை மேலாகத் தூவினால் போதும்.

தண்ணீர் விடயத்தில் முதலாம் ஆண்டே தீர்மானமான ஆண்டு. நட்ட நாளிலிருந்து அடுத்த பருவம் முழுவதும் வேருள்ள மண் ஒருபோதும் காயக் கூடாது. மழை இல்லாத வாரத்தில் இரண்டு விரற்கடை மழைக்கு ஈடான நீரையாவது ஒரே தடவையில் ஆழமாக ஊற்ற வேண்டும். நாள்தோறும் மேலாகத் தெளிப்பதால் பயனில்லை. வேரூன்றிய பின் அது வறட்சியை ஓரளவு தாங்கும்; ஆயினும் மே மாதத்தில் மொட்டு எழும்பும் வாரங்களில் நீர் குறைந்தால் பூ சிறுத்துப்போகும், பூ முடிந்தபின் வரும் யூலை, ஓகஸ்டில் நீர் குறைந்தால் அடுத்த ஆண்டுக்கான புதுமுளைகள் குறைந்துபோகும். குளத்தோரத்திலும் நீர்க்குழாய் இறங்குமிடத்திலும் இது மகிழ்ந்து வளரும் என்றாலும், கிழங்கு ஆண்டு முழுவதும் நீருக்குள் அமிழ்ந்து கிடப்பதை விரும்பாது.

இங்கே பொறுமையைப் பற்றி ஒரு வேண்டுகோளை வைக்க விரும்புகிறேன். சைபீரிய ஐரிஸ் நட்ட முதலாம் ஆண்டில் பெரும்பாலும் பூப்பதில்லை. இரண்டாம் ஆண்டில் நான்கைந்து காம்புகள் வரலாம். மூன்றாம் ஆண்டில்தான் அது தன் இயல்பைக் காட்டும். எனக்குத் தெரிந்த குடும்பங்களில் மூன்றிலாவது, இரண்டாம் இளவேனிலில் பூவைக் காணாமல் செடியைப் பிடுங்கி, அந்த இடத்தில் ஆண்டுப்பூச் செடிகளை வைத்துவிட்டார்கள். பிடுங்கப்பட்ட செடிகளின் வேரைப் பார்த்தபோது எனக்குக் கவலையாக இருந்தது, ஏனெனில் அவற்றுள் ஒன்றில் அடுத்த ஆண்டுக்கான முளைகள் பன்னிரண்டை நானே எண்ணினேன்.

பூ முடிந்தபின் இலைகளை வெட்டும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். அந்தப் பச்சை இலைகள்தான் கோடை முழுவதும் உழைத்து அடுத்த ஆண்டுப் பூவுக்கு உணவு சேர்ப்பவை. வாடிய பூக்காம்பை மட்டும் அடியோடு நறுக்கிவிடலாம். விட்டால் விதை விழுந்து, தாயைப்போலில்லாத கன்றுகள் கொத்துக்குள்ளேயே முளைத்து, சில ஆண்டுகளில் நாம் வாங்கிய வகை எது என்பதே தெரியாமல் போகும். இலைகளை நவம்பரில், அவை பொன்னிறமாகிச் சாய்ந்த பிறகு, நிலத்திலிருந்து நான்கு விரல் உயரத்தில் வெட்டி, தோட்டத்துக்கு வெளியே அனுப்பிவிட வேண்டும்; வீட்டு எருக்குழியில் போடக் கூடாது. ஐரிஸ் துளைப்பான் என்ற அந்துப்பூச்சி இலையுதிர் காலத்தில் பழைய இலைகளில் முட்டையிடும்; இளவேனிலில் பொரிக்கும் புழு இலைக்குள் புகுந்து கீழிறங்கிக் கிழங்கையே தின்னும். தாடி ஐரிஸை அது தாக்கும் அளவுக்குச் சைபீரிய ஐரிஸைத் தாக்குவதில்லை, ஆனால் அறவே விட்டுவிடுவதும் இல்லை. மருந்து அடிப்பதைவிட இலையுதிர்காலத் துப்புரவே இதற்குச் சிறந்த காவல். மான்களும் முயல்களும் இச்செடியைப் பெரும்பாலும் தீண்டாமல் விடுகின்றன. மான்கள் உலவும் றூஜ் பள்ளத்தாக்கை அண்டி வாழ்பவர்களுக்கு இது சிறிய ஆறுதலன்று.

கொத்தைப் பிரிக்கும் காலம் எப்போது என்பதைச் செடியே சொல்லும். வாழைக்கு எப்படித் தாய் ஓய்ந்து குட்டிகள் சூழ எழும்புமோ, அதுபோலவே இக்கொத்தின் நடுப்பகுதி ஆண்டு செல்லச்செல்ல வெறுமையாகி, உயிருள்ள முளைகள் வெளிவட்டத்துக்கு நகரும். அப்படி நடு வெறுமையானாலோ பூக்கள் குறைந்தாலோதான் பிரிக்க வேண்டும். சிலவற்றுக்கு ஐந்தாம் ஆண்டில், சிலவற்றுக்குப் பத்தாம் ஆண்டில். முன்னதாகத் தோண்டித் தோண்டிப் பார்ப்பதை இது விரும்பாது. என் முதல் கொத்தைப் பிரித்தபோது அதன் வேர்ப்பாய் இரண்டு பேர் தூக்கும் பாரமாக இருந்தது. மண்வெட்டி உள்ளே இறங்கவில்லை. அலவாங்கால் நெம்பி, பாண் வெட்டும் பழைய கத்தியால் அறுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு துண்டிலும் ஐந்தாறு முளைகளாவது இருக்க வேண்டும். ஆசையால் ஒற்றை முளையாகப் பிரித்துப் பத்துப் பேருக்குக் கொடுத்தால் பத்துப் பேரும் பல ஆண்டுகள் காத்திருக்க நேரும். பிரித்த துண்டுகளை ஒரு நிமிடமும் வெயிலில் கிடக்கவிடாமல் வாளித் தண்ணீரில் போட வேண்டும்; தொலைவுக்குக் கொடுத்தனுப்புவதானால் நனைத்த செய்தித்தாளில் சுற்றிப் பையில் இட வேண்டும். இலைகளைப் பாதியாகக் குறைப்பது இந்த ஒரு வேளையில் மட்டும் சரியான செயல். அதே குழியில் மீண்டும் நடாமல் இடம் மாற்றினால் நல்லது. மாற்ற வழியில்லையானால் பழைய மண்ணை எடுத்துவிட்டுப் புதுமண் இட வேண்டும்.

இன்னொரு செய்தியை, சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளின் பொருட்டு, அழுத்திச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வந்திருந்த என் பெரியம்மா, கொத்தைப் பிரித்துப் போட்டிருந்ததைக் கண்டு, "இது வசம்பல்லவா, இதை ஏன் எறிகிறாய்?" என்று கேட்டு ஒரு துண்டைக் கையில் எடுத்துவிட்டார். அவருடைய கண் தவறியதென்று சொல்ல முடியாது. ஐரிஸின் இலையும் கிழங்கும் வசம்பினுடையவற்றைப்போலவே தோன்றும். மஞ்சள் நீர் ஐரிஸ் ஒன்றுக்குத் தாவரவியலார் இட்ட பெயரின் பொருளே பொய் வசம்பு என்பதுதான். ஆனால் ஐரிஸின் கிழங்கு நச்சுத்தன்மையுள்ளது. தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும், நாய் பூனைகளுக்கும் தீங்கு செய்யும். வசம்பின் இலையைக் கசக்கினால் அதற்கே உரிய கடும் மணம் எழும், ஐரிஸில் அது இல்லை. எனினும் மணத்தை மட்டும் நம்பி, இங்குள்ள தோட்டத்திலோ நீர்நிலையிலோ தோண்டிய எதையும் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

அந்த மஞ்சள் நீர் ஐரிஸைப் பற்றியும் ஒரு சொல். நீர்நிலை அருகே வளரும் ஐரிஸ் என்ற அளவில் சிலர் இதைச் சைபீரிய ஐரிஸ் என்று எண்ணி அன்பளிப்பாகப் பெற்று நடுகிறார்கள். இலை அகலமாய், நடுவில் தடித்த மேடுடன் இருந்து, பூ முழுவதும் கடும் மஞ்சளாக இருந்தால் அது இந்த வந்தேறிச் செடியாகவே இருக்கக்கூடும். ஒன்ராறியோவின் ஈரநிலங்களில் அது பரவி, அங்கே காலங்காலமாய் வளர்ந்த செடிகளை நெருக்கி அழித்துவருகிறது. அதை வாங்கவும் வேண்டாம், பிடுங்கியதைப் பள்ளத்தாக்குகளில் கொட்டவும் வேண்டாம்.

நான் இச்செடியை இவ்வளவு நேசிப்பதற்கு அதன் அழகைத் தவிர மற்றொரு காரணமும் உண்டு; நாம் குடியேறி வாழும் இந்த நாட்டுக்கும் இதற்கும் உள்ள உறவு அது. இன்றும் உலகெங்கும் விற்கப்படும் கருநீலச் சைபீரிய ஐரிஸான 'சீசர்ஸ் பிரதர்', மொன்றியலில் வாழ்ந்த எவ். கிளீவ்லண்ட் மோர்கன் உருவாக்கி 1932-இல் வெளியிட்டது. அந்நகரின் நுண்கலை அருங்காட்சியகத்தின் கைவினைக்கலைச் சேகரத்தை வளர்த்தெடுத்தவரும் அவரே. அமெரிக்க ஐரிஸ் சங்கம் சிறந்த சைபீரிய ஐரிஸுக்கு அளிக்கும் மோர்கன்-வுட் பதக்கம் அவர் பெயரையும் தாங்கியது. ஒட்டாவாவின் மத்திய பரிசோதனைப் பண்ணையில் 1920-இல் பணிக்குச் சேர்ந்த இசபெலா பிரஸ்ரன் என்ற பெண்மணி, தாம் உருவாக்கிய சைபீரிய ஐரிஸ்களுக்குக் கற்றினோ, ஒட்டாவா என்று இந்நாட்டு ஆறுகளின் பெயர்களைச் சூட்டினார். நீரை விரும்பும் செடிக்கு ஆற்றின் பெயரைவிடப் பொருத்தமான பெயர் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவர்களுக்குப் பின் வந்தவர்களுள் கறியர் மக்கியூவன் என்ற அமெரிக்க மருத்துவரின் பணி எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1902-இல் பிறந்த அவர் மூட்டுநோய் வல்லுநர். நியூயோர்க் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்தின் தலைவராக இருந்தவர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகே ஐரிஸ் கலப்பில் இறங்கி, 2003-இல் தமது 101-ஆவது வயதில் மறையும் வரைக்கும் அதில் ஈடுபட்டிருந்தார். கௌட் (gout) என்னும் மூட்டுநோய்க்கு மருத்துவர்கள் கொடுக்கும் கொல்ச்சிசின் என்ற மருந்தை, முளைக்கத் தொடங்கிய ஐரிஸ் விதைகளுக்கு அவர் இட்டார். உயிரணு பிரியும்போது, மரபுப் பண்புகளைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்கள் இரட்டித்தும், உயிரணு இரண்டாகப் பிரியாதபடி அந்த வேதிப்பொருள் தடுத்துவிடும். அதனால் 28 குரோமோசோம்கள் கொண்ட செடி 56 கொண்டதாகிறது. இவ்வாறு பிறந்தவற்றின் இதழ் தடித்தது, பூ பெரியது, நிறம் ஆழமானது. இன்று தோட்டக்கடைகளில் நாம் காணும் அகன்ற இதழுள்ள வகைகள் பலவற்றுக்கு வழி திறந்தது இந்த முயற்சிதான். வெண்மையும் மாறாத மஞ்சளும் சேர்ந்த அவருடைய 'பட்டர் அன்ட் சுகர்', மோர்கன்-வுட் பதக்கம் 1986-இல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றது.

அந்தக் கொல்ச்சிசின் எங்கள் கார்த்திகைப்பூச் செடியின் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் அதே நஞ்சு. தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளும், எங்கள் வேலிகளில் கார்த்திகை மழைக்குத் தானாக முளைத்துச் சுடர்போல் பூத்ததும் ஒன்றே. திண்டுக்கல், கரூர்ப் பக்கங்களில் இன்றும் இந்த மருந்துக்காகவே அதைப் பந்தலிட்டுப் பயிரிட்டு விதை எடுக்கிறார்கள். மக்கியூவன் கையாண்ட மருந்து எந்தச் செடியிலிருந்து வந்திருந்தாலும், எங்கள் வேலிப்பூவினுள் இருக்கும் ஒரு பொருளே இந்தக் குளிர்நாட்டுப் பூவின் இதழைத் தடிக்கச் செய்தது என்பதை அறிந்த நாளிலிருந்து, என் முன்வாசலில் நிற்கும் கொத்தை நான் அந்நியமான செடியாகக் கருதுவதில்லை.

வாங்க விரும்புவோர் காய்ந்த கிழங்குப் பைகளைத் தவிர்த்து, சாடியில் பச்சையாக நிற்கும் கன்றையோ, அண்மையில் பிரித்த துண்டையோ பெற வேண்டும். எந்த வகையை வாங்குவது என்று முடிவுசெய்யு முன், யூன் முதல் வாரங்களில் பர்லிங்ரனில் உள்ள றோயல் பொட்டானிக்கல் கார்டன்ஸின் லேக்கிங் தோட்டத்துக்கு ஒருமுறை சென்றுவரலாம். தாடி ஐரிஸையும் சைபீரிய ஐரிஸையும் நேரில் பார்த்தவருக்கு இரண்டும் ஒன்றென்ற குழப்பம் மீண்டும் வராது.

ஆசிரியர் அவர்களே, கட்டுரையாளரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஐரிஸ் என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டையும் சேர்த்து எழுதும் வழக்கம் ஆங்கிலக் கடைப் பொதிகளிலேயே இருக்கிறது. ஆயினும் படத்திலிருந்த செடி சைபீரிய ஐரிஸ் என்பதையும், அதன் கிழங்கை மண்ணால் மூடி ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்பதையும், இரண்டு வரிகளிலாவது ஒரு திருத்தமாக வெளியிட வேண்டுகிறேன். அத்திருத்தம் ஓகஸ்ட் நடுப்பகுதிக்கு முன் வந்தால், இந்த இலையுதிர் காலத்தில் நட இருப்பவர்களுக்கு அது உதவும். போலந்துப் பெண்மணி எனக்குத் தந்த துண்டிலிருந்து வளர்ந்த கொத்துக்கு இப்போது நடு வெறுமையாகத் தொடங்கியிருக்கிறது. செப்டெம்பர் முதல் வாரத்தில் அதைப் பிரிக்க இருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஸ்காபரோ, ஒன்ராறியோ.